நாடகம் பார்க்க ஆசை... நாலு டிக்கெட் எடுத்தால் சம்பளக் கவரில் ஓட்டை!

சனிக்கிழமை ராத்திரி. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சம்பளக் கவர் கைக்கு வருகிற நேரம். மளிகைக்கடை பாக்கி, சீட்டுப் பணம், வீட்டு வாடகை, பிள்ளைக்குப் பள்ளிக்கூட பீஸ் என்று கவர் மெலிந்துகொண்டே போகும். கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் சில்லறையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது?

சினிமா என்றால் யோசனையே வேண்டாம். தெருவுக்குத் தெரு போஸ்டர். நாடகம், கூத்து, கச்சேரி என்றால்தான் தலைவலி. எங்கே நடக்கிறது? டிக்கெட்டை யாரிடம் வாங்குவது? கொடுத்த காசுக்குப் பெறுமா? யாருக்கும் சரியாகத் தெரிவதில்லை.

"ஏனுங்க, கோயமுத்தூர்ல நல்ல நாடகமாமா. போலாமுங்களா?" என்று வீட்டுக்காரம்மா ஆசையோடு கேட்பார். "டிக்கெட் என்ன வெலையோ அம்மிணி, பாக்கலாம்" என்று வீட்டுக்காரர் இழுப்பார். பேச்சு அங்கேயே முடிந்துபோகும். பல வீடுகளில் நாடகம் பார்த்த கதை இவ்வளவுதான்.

ஆனால் கொஞ்சம் விவரம் தெரிந்துகொண்டால் பனியன் தொழிலாளியும், காதர்பேட்டை கடைக்காரரும், ஆபீஸ் குமாஸ்தாவும் வருடம் முழுக்க நல்ல மேடை பார்க்கலாம். பாதிக்கு மேல் காசே இல்லாமல் பார்க்கலாம். காசு கொடுத்துப் பார்ப்பதை மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணக்குப் போடுங்கள்

வீட்டில் நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் ஒன்று ரூ.200. நாலு டிக்கெட்டுக்கு ரூ.800. பலர் கணக்கை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். செலவே இனிமேல்தான் ஆரம்பம்.

திருப்பூரில் இருந்து கோவை சுமார் 50 கிலோ மீட்டர். ஈரோடும் ஏறக்குறைய அதே தூரம். நாலு பேருக்கும் போக வர பஸ். காந்திபுரத்தில் இறங்கி அரங்குக்கு டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ. இடைவேளையில் டீ, வடை, சின்னதுக்கு ஐஸ். நாடகம் விட்டு வெளியே வந்தால் ராத்திரி ஒன்பதரை. பசியோடு பஸ் ஏற முடியுமா? ஓட்டலில் நாலு பேருக்குச் சாப்பாடு. வீடு வந்து சேர்ந்து எண்ணிப் பார்த்தால் டிக்கெட் காசைவிட மற்றது அதிகம் போயிருக்கும்.

2021-ல் வந்த பெண்களுக்கான கட்டணமில்லா பஸ் இதற்கு உதவுமா என்றால், பாதிதான் உதவும். அது சாதாரண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். கோவை போகிற மொபசல் பஸ்ஸில் செல்லாது. அதாவது திருப்பூருக்குள்ளே, அவிநாசி, பெருமாநல்லூர் பக்கம் டவுன் பஸ் போகிற தூரத்தில் நிகழ்ச்சி என்றால் வீட்டுப் பெண்களுக்குப் பஸ் செலவு இல்லை. கோவை என்றால் உண்டு.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. அதுதான் ஷிப்டு. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரைக்கு வெளியே வருகிற ஒன்றரை ஷிப்டு ஊர் இது. சாயங்காலம் ஆறரை மணி நாடகத்துக்கு வாரநாளில் போக வேண்டுமானால் அரை ஷிப்டு சம்பளம் போச்சு. பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு அன்றைக்கு எத்தனை பீஸ் குறைந்தது என்பது கைவிரலிலேயே தெரியும். ஆர்டர் அவசரம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் கேட் திறந்துவிடும். ஆகவே இங்கே டிக்கெட் விலையை டிக்கெட்டில் மட்டும் பார்க்கக் கூடாது.

தரை டிக்கெட் காலம்

திருப்பூர், ஈரோடு, கோவை பக்கம் நாடகத்துக்குப் புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் பையன்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கினார். அங்கே வளர்ந்தவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். 1925-ல் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்து ஊர் ஊராகப் போனார்கள். ஒரு ஊரில் கொட்டகை பிடித்தால் மாதக் கணக்கில் அங்கேயே முகாம். நாளுக்கு ஒரு நாடகம். 1944-ல் தமிழ் நாடகக் கலைக்கென்று ஒரு மாநாடு கூடியது. கூடிய இடம் சென்னை அல்ல, மதுரை அல்ல. நம்ம ஈரோடு!

அந்தக் கொட்டகைகளில் சோபா, நாற்காலி, பெஞ்சு, தரை என்று வகுப்புகள் இருந்தன. பணக்காரர் சோபாவில் சாய்ந்திருப்பார். கூலிக்காரர் மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்திருப்பார். ஆனால் இரண்டு பேரும் ஒரே நாடகத்தைத்தான் பார்த்தார்கள். நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் தந்திரக் காட்சிகளுக்கும், எம்.ஆர்.ராதாவின் 'ரத்தக் கண்ணீர்' நாடகத்துக்கும் கைதட்டல் கிளம்பியது முக்கால்வாசி தரை டிக்கெட்டில் இருந்துதான்.

சீமையிலும் இதே கதை. லண்டனில் ஷேக்ஸ்பியர் நாடகம் நடந்த குளோப் கொட்டகையில் ஒரு பென்னி கொடுத்தால் நின்றுகொண்டே பார்க்கலாம். அந்தக் கொட்டகையைப் போலவே கட்டி 1997-ல் திறந்த புதிய குளோப்பிலும் நின்று பார்க்கிற மலிவு டிக்கெட்டை விடாமல் வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் 1973-ல் ஒரு ஏற்பாடு வந்தது. அன்றைக்கு விற்காமல் மிஞ்சிய நாடக டிக்கெட்டுகளை அன்றைக்கே பாதி விலை அளவுக்குத் தள்ளிவிட நடுத்தெருவில் ஒரு கவுண்டர். 1980-ல் லண்டனிலும் அதேபோல் திறந்தார்கள். காலி நாற்காலியால் யாருக்கும் லாபம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம்ம பக்கம் அந்த மாதிரி கவுண்டர் வரவில்லை. காலி நாற்காலி மட்டும் தாராளமாக இருக்கிறது.

உடுமலை பூளவாடியில் 1899-ல் பிறந்த நாராயணகவி, சினிமாவுக்குப் பாட்டெழுதிப் பெயர் வாங்குவதற்கு முன்னால் நாடக மேடையில் கற்றுக்கொண்டவர். இன்றைய திருப்பூர் மாவட்டத்துப் பிள்ளை அவர். 1981-ல் காலமானார். உடுமலையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அந்த மண்ணில் இன்றைக்கு ஒரு நாடகம் பார்க்க இவ்வளவு கணக்குப் போட வேண்டியிருக்கிறது!

சென்னைக்காரருக்கு சபா... நமக்கு?

சென்னைக்காரர்கள் இதை வேறு மாதிரி சமாளித்தார்கள். சபா என்று ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை சந்தா கட்டிவிட்டால் மாதாமாதம் நாடகம், கச்சேரி. ஒவ்வொரு தடவையும் பர்ஸைத் திறக்க வேண்டாம். சோவின் 'முகமது பின் துக்ளக்' நாடகம் 1968-ல் மேடை ஏறியதும், கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1980-ல் பேசப்பட்டதும் அந்த வட்டாரத்தில்தான். பிறகு டி.வி. வந்தது. சீரியல் வந்தது. நாடகக்காரர்களே சீரியலுக்குப் போனார்கள். சபா நாற்காலியில் கூட்டம் குறைந்தது. இருந்தாலும் சபா நாடகம் சாகவில்லை. கோடை நாடக விழா, டிசம்பர் சீசன் என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

சரக்கு விஷயமாக டிசம்பரில் சென்னை போகிற திருப்பூர்க்காரர்கள் ஒன்று தெரிந்துகொள்ளலாம். சீசனில் பல சபாக்களில் பகல் நேரக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. வளரும் கலைஞர்கள் பாடுவார்கள். சும்மா உள்ளே போய் உட்கார வேண்டியதுதான். சாயங்காலம் பெரிய வித்வான் வரும்போதுதான் டிக்கெட் கிழிப்பார்கள்.

சரி, ஒரு நாடகக் குழு ஏன் கோவையோடு திரும்பிவிடுகிறது? திருப்பூர் வரை ஏன் வருவதில்லை? இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

இருபது பேர். ஒரு வேன். சீன் சாமான் ஏற்றிய லாரி. லைட், மைக் செட். மண்டப வாடகை. ராத்திரி தங்க லாட்ஜ். எல்லாம் சேர்த்து ஒரு லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மண்டபத்தில் 500 நாற்காலி. எல்லாம் விற்றால் ஆளுக்கு ரூ.200 போதும். ஆனால் எல்லாம் விற்காது. ஏன் என்றால் முதல் மூன்று வரிசை 'பாஸ்'. ஸ்பான்சருக்குப் பாஸ், அதிகாரிக்குப் பாஸ், கட்சிக்காரருக்குப் பாஸ், மண்டபக்காரரின் மச்சானுக்குப் பாஸ். 150 நாற்காலி ஓசியில் போனால் மிச்சம் 350 பேர் தலையில் ஆளுக்கு சுமார் ரூ.286 விழும்.

பவர் டேபிளில் குனிந்து தைக்கிறவர் தன் டிக்கெட்டோடு சேர்த்து, காரில் வந்து இறங்குகிறவருக்கும் அரை டிக்கெட் எடுக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பாஸ்காரரும் பாதி நாடகத்தில் எழுந்து போய்விடுவார்! வாங்கிக் கொடுத்தால் மதிப்பு தெரியும். சும்மா வந்ததற்கு என்ன மதிப்பு?

பாஸையெல்லாம் குறை சொல்லிவிட முடியாது. நல்ல காரியத்துக்கு விற்ற நன்கொடை டிக்கெட்டும் உண்டு. சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி கணேசன் நடித்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகம் 1957-ல் சேலத்தில் முதலில் மேடை ஏறியது. பிறகு பல ஊர்களில் நடந்து பள்ளிக்கூடம் போன்ற காரியங்களுக்கு நிதி திரட்டிக் கொடுத்தது. அங்கே முன்வரிசைக்காரர் அதிகம் கொடுத்தார். பின்வரிசைக்காரர் குறைவாகக் கொடுத்தார். நியாயமான வழி அது.

வரி விஷயம் தெரியுமா?

டிக்கெட்டில் வரி உண்டா என்று கேட்டால் பலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். நாடகம், நடனம், சர்க்கஸ், இசைக் கச்சேரி ஆகியவற்றுக்கு ஆளுக்கு ரூ.500 வரை உள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 500-ஐத் தாண்டினால் 18 சதவீதம். சினிமாவுக்கோ 100 ரூபாய் டிக்கெட்டுக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. அந்த வகையில் சர்க்கார் நாடகக்காரருக்குக் கொஞ்சம் சலுகை காட்டியிருக்கிறது.

ஆகவே ரூ.300 டிக்கெட்டுக்கு யாராவது "வரி தனி" என்று கேட்டால், என்ன வரி என்று கேட்டு ரசீது வாங்குங்கள். ஆன்லைனில் எடுக்கும்போது டிக்கெட் விலைக்கு மேலே ஒரு 'வசதிக் கட்டணம்' சேரும். அந்தக் கட்டணத்துக்கு வரியும் சேரும். நாலு டிக்கெட்டுக்கு நாலு தடவை. கோவையில் வேலையாகப் போகிற சிநேகிதர் யாராவது இருந்தால் அவரிடம் பணம் கொடுத்து அரங்கு கவுண்டரிலேயே வாங்கச் சொன்னால் அந்தக் காசு மிச்சம்.

காசில்லாத மேடைகள்

இனி விஷயத்துக்கு வருவோம். திருப்பூரைச் சுற்றி ஓசியில் கிடைக்கிற மேடைகளைப் பாருங்கள். இது பாஸ்காரரின் ஓசி இல்லை, ஊரே கூடிக் கொடுக்கிற ஓசி.

வைகாசியில் திருப்பூர் விஸ்வேஸ்வரர், வீரராகவப் பெருமாள் கோயில் தேர். சித்திரையில் அவிநாசித் தேர். தைப்பூசத்துக்குச் சிவன்மலை. பங்குனியில் பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மன் குண்டம். தேர் என்றாலே ராத்திரியில் கச்சேரி, நாட்டியம், பட்டிமன்றம் என்று ஏதாவது ஒரு மேடை இருக்கும். நோட்டீசை மடித்துச் சட்டைப்பையில் வைக்காமல் ஒரு தடவை முழுக்கப் படித்தாலே போதும்.

வருட ஆரம்பத்தில் திருப்பூரில் புத்தகத் திருவிழா. புத்தகம் வாங்காவிட்டாலும் சாயங்கால மேடையைப் பார்க்க யாரும் தடுப்பதில்லை. (இரண்டு புத்தகம் வாங்கினால் இன்னும் நல்லது என்பது வேறு விஷயம்.) முற்போக்கு எழுத்தாளர் சங்கம் நடத்துகிற கலை இரவு இன்னொன்று. 1980-களில் திருவண்ணாமலையில் தொடங்கியது. தெருவையே அரங்காக்கி, பறை, பாட்டு, நாடகம், பேச்சு என்று விடிய விடிய நடத்துகிற நிகழ்ச்சி. டிக்கெட் இல்லை. துண்டு ஏந்தி வருவார்கள். முடிந்ததைப் போடலாம்.

அப்புறம் வள்ளி கும்மி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் முருகன் வள்ளி கதையைப் பாடிக்கொண்டே ஆடுகிற ஆட்டம். முன்பு ஆண்கள்தான் ஆடுவார்கள். மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன், பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து அதை மாற்றினார். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது வயது 87. இன்றைக்குக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் ஊருக்கு ஊர் கும்மி அரங்கேற்றம் நடக்கிறது. பகலில் மில்லிலும் கம்பெனியிலும் வேலை பார்க்கிற பெண்கள் சாயங்காலத்தில் பழகி, ஒரே மாதிரி சேலை கட்டி நூற்றுக்கணக்கில் களம் இறங்குகிறார்கள். டிக்கெட் கிடையாது. சுற்றி நின்று பார்க்க வேண்டியதுதான். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறவர் காலும் தானாகத் தாளம் போடும்.

காங்கேயம் பக்கம் உடுக்கடிப் பாட்டு. பொன்னர் சங்கர் கதை. அண்ணன்மார் கதை என்றும் சொல்வார்கள். 1965-ல் கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சிக்காரப் பெண், காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி இந்தக் கதையை டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தார். கதை முடிய எத்தனை ராத்திரி ஆனது தெரியுமா? 18 ராத்திரி! அதை வைத்து அவர் எழுதிய புத்தகம் 1982-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. கடல் தாண்டி வந்தவர் 18 ராத்திரி உட்கார்ந்து கேட்ட கதையை, இருபது மைலில் இருக்கிற நாம் ஒரு ராத்திரியாவது கேட்க வேண்டாமா?

மதுரை, தேனி, சிவகங்கை பக்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்களுக்கு இன்னொரு வழி. சொந்த ஊர்த் திருவிழாவுக்கு லீவு போட்டுப் போகும்போது அங்கே வள்ளி திருமணம், அரிச்சந்திரா என்று 'ஸ்பெஷல் நாடகம்' நடக்கும். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர். ஒத்திகை இல்லாமல் மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள். தர்க்கத்தில் யார் யாரை மடக்குகிறார் என்று பார்ப்பதில்தான் ருசி. ஊர் வரிப் பணத்தில் நடக்கிற நாடகம். பார்க்கிறவருக்குச் செலவு பாய் மட்டும்.

பத்து மணிக்கு மைக் கட்

விடிய விடிய நடக்கிற கூத்துக்கு இப்போது ஒரு சிக்கல். 2000-ல் வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலத்தில் வருடத்துக்கு அதிகபட்சம் 15 நாள், அதுவும் நடுராத்திரி 12 வரை, சர்க்கார் தளர்த்தலாம். மூடிய அரங்குக்கு இந்தத் தடை இல்லை.

எனவே நோட்டீசில் "இரவு 9 மணிக்கு" என்று போட்டிருந்தால் போலீஸ் அனுமதி எத்தனை மணி வரை என்று விழாக் கமிட்டியாரிடம் கேட்டுவிடுவது நல்லது. பத்து மணிக்கு மைக் கட்டானால் கோவலன் மதுரை போய்ச் சேராமலேயே வீடு திரும்ப வேண்டியதுதான்!

போலீஸ் தொல்லை முன்பு இன்னும் பலமாக இருந்தது. எம்.ஆர்.ராதா நாடகங்களைக் கட்டிப் போடவே வந்தது என்று பேசப்பட்ட 1954-ம் வருட நாடகச் சட்டத்தின்படி, நாடகப் பிரதியைப் போலீசிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்குப் போட்டார். 2013-ல் சென்னை ஐகோர்ட்டு அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. இப்போது பிரதியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டாம்.

காசு கொடுத்துப் பார்ப்பது என்றால்...

வருடத்துக்கு இரண்டு தடவை காசு கொடுத்து நாடகம் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டால் வீட்டுக் கணக்கு உதைக்காது. அந்த இரண்டையும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

விளம்பரத்தில் நடிகர் படம் பெரிதாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். எழுதியவர் யார், எத்தனையாவது தடவை நடக்கிறது என்று பாருங்கள். நூறு தடவை நடந்த நாடகத்தில் பஞ்சர் ஒட்டிய இடமெல்லாம் சரியாகியிருக்கும். டி.வி. முகம் ஒன்றை நம்பி அவசரத்தில் கட்டிய நாடகத்தில் இரண்டாவது காட்சியிலேயே கொட்டாவி வரும். சிரிப்பு நாடகம் என்றால் குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம். கூத்துப்பட்டறை வழி வந்த நவீன நாடகம் என்றால், பழக்கம் இல்லாதவர் முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு வீட்டாரைக் கூட்டிப் போவது உத்தமம். நல்ல நாடகமாகவே இருக்கும். ஆனால் ஆறு வயசுப் பையன் "எப்பப்பா முடியும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான்.

நேரத்தைக் கேளுங்கள். இரண்டு மணி நேர நாடகம் ஆறரைக்கு ஆரம்பித்தால் எட்டரைக்கு முடியும் என்பது ஏட்டுச் சுரைக்காய். பொன்னாடை போர்த்தி, வாழ்த்துரை முடிந்து, திரை தூக்கும்போது ஏழரை ஆகும். திரும்பும் பஸ்ஸை அதற்குத் தகுந்த மாதிரி பார்த்து வையுங்கள்.

இடத்தைப் பாருங்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் நாடகம் என்றால் தரை சமமாக இருக்கும். பின்னால் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் மல்லிகைப்பூதான் தெரியும். அங்கே மலிவு டிக்கெட் எடுத்துப் பிரயோசனம் இல்லை. எடுத்தாலும் சீக்கிரம் போய் நடைபாதை ஓர நாற்காலியைப் பிடிக்க வேண்டும். சரிவாகக் கட்டிய கலையரங்கம் என்றால் கதையே வேறு. கடைசி வரிசையிலும் மேடை நன்றாகத் தெரியும். அங்கே விலை கூடிய முன்வரிசையைவிட நடுவில் இருக்கிற மலிவு வரிசையே மேல். முன்வரிசையில் உட்கார்ந்தால் நடிகரின் கால்தான் கண் மட்டத்தில் வரும்! கோவை ஆர்.எஸ்.புரம் மாநகராட்சிக் கலையரங்கம், கிக்கானி பள்ளிக் கலையரங்கம், பாரதிய வித்யா பவன் ஆகியவை நாடகம், கச்சேரி அடிக்கடி நடக்கிற இடங்கள். அந்தப் பக்கம் போகும்போது வாசல் போர்டைப் பார்த்து வைத்தால் அடுத்த மாதக் கதை தெரிந்துவிடும்.

துணிச்சல்காரர்களுக்கு ஒரு தகவல். கேரள சங்கீத நாடக அகாடமி 2008 முதல் திருச்சூரில் சர்வதேச நாடக விழா நடத்திவருகிறது. பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வரும். வெளிநாட்டுக் குழுக்களும் வந்து நடிக்கும் விழா. டிக்கெட் சொற்பம்தான். திருப்பூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் கோவை, பாலக்காடு தாண்டித் திருச்சூர். பாஷை புரியாதே என்று பயப்பட வேண்டாம். பக்கத்து நாற்காலிக்காரருக்கும் புரிந்திருக்காது. கதை மட்டும் இரண்டு பேருக்கும் புரியும்.

கள்ள டிக்கெட் உஷார்!

2023 செப்டம்பர் 10-ம் தேதி சென்னை பனையூரில் ஏ.ஆர்.ரகுமான் கச்சேரி. ஆகஸ்டில் நடக்க வேண்டியது. மழையால் தள்ளிப்போனது. அன்றைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியவில்லை. நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் மூச்சுத் திணறினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. போலீஸ் விசாரணை வந்தது. மன்னிப்புக் கேட்டார்கள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் கைக்குழந்தையோடு போய் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பியவரின் ராத்திரியை யார் திருப்பிக் கொடுப்பது?

பெரிய கச்சேரி என்றாலே நம்பர் போட்ட நாற்காலியா, நின்று பார்க்கிற இடமா என்று முதலில் கேட்க வேண்டும். நம்பர் இல்லாத டிக்கெட்டுக்கு முந்தினவருக்குத்தான் இடம். குழந்தையோடு போகிறவர்கள் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

அடுத்தது செல்போன் டிக்கெட். "எனக்கு வர முடியல, பாதி விலைக்குத் தர்றேன் தம்பி" என்று வாட்ஸ்அப்பில் யாரோ ஒருவர் படம் பிடித்து அனுப்புவார். அதே படத்தை இன்னும் ஒன்பது பேருக்கும் அனுப்பியிருப்பார். வாசலில் அந்தக் கட்டம் கட்டமான கோடை முதலில் காட்டுகிறவர் உள்ளே, மற்ற ஒன்பது பேர் வெளியே. தெரியாத ஆளிடம் டிக்கெட் வாங்கவே வாங்காதீர்கள். 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்த பாஸைக் காசுக்கு விற்பவரும் உண்டு. அதைப் பிடித்துவிட்டால் வாங்கியவருக்கும் வாசல் கிடையாது.

பணம் பறிபோனால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. பணம் போகிற வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. நாடகத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பணம் தராமல் இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி நம்பர் 1915. அதிலும் வழி பிறக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் கோர்ட்டு. ஐந்து லட்ச ரூபாய் வரை உள்ள வழக்குக்கு அங்கே கோர்ட்டுக் கட்டணம் இல்லை. 200 ரூபாய் டிக்கெட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போவார்களா என்று சிரிக்கலாம். நாலு குடும்பம் சேர்ந்து போனால் சிரிப்பு நின்றுவிடும்.

எதற்கும் ஆதாரம் வேண்டும். வாசலில் பாதி கிழித்துக் கொடுக்கிற டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிடுகிறார்கள் பலர். நாடகம் முழுசாக முடிந்து, வீடு வந்து சேரும் வரை அந்தத் துண்டு பர்ஸிலேயே இருக்கட்டும்.